சிவிங்கி வேட்டையும் மனித வாடையும்

அரபு மொழியில் காற்றுக்கு 'ரீஹ்' என்று பெயர். மணத்துக்கு 'ராயிஹா' என்று பெயர். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. யூசுஃப் (அலை) அவர்களின் சட்டையோடு வணிகக் கூட்டம் புறப்பட்டதும், நெடுந்தொலைவில் இருந்த தந்தை யஃகூப் (அலை) அவர்கள் மகனுடைய மணத்தை உணர்ந்ததாகத் திருக்குர்ஆன் (12:94) கூறுகிறது. அவ்விடத்தில் ஆளப்பட்டிருப்பதும் 'ரீஹ்' என்னும் சொல்லே. தமிழில் 'வாடை' என்பது வடகாற்றையும் குறிக்கும், நாற்றத்தையும் குறிக்கும். இவை ஒரே வேரினவா என்பதைத் தமிழறிஞர்கள் கூறட்டும். மணம் காற்றேறி வரும் என்பதை வேறு எவரினும் நன்கறிந்தவன் வேட்டைக்காரன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஹிதாயாவின் வேட்டைப் பாடத்தை நடத்திக் கொண்டிருந்தோம். சிதம்பரம் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்து, "ஹள்ரத், மான் மனித வாடை பட்டாலே ஓடிவிடுமே! சிவிங்கியை அவிழ்த்துவிட மனிதன் எப்படி அதன் அருகே போனான்? சிவிங்கியை மறைவில் வைத்துவிட்டு அவன் விலகிப் போய்விட்டான் என்றால், 'இர்ஸால்' எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அதனை இங்கே செம்மைப்படுத்த முயல்கிறோம்.

'இர்ஸால்' என்பது ஏவுதல். பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணி நமக்காகப் பிடித்ததை உண்ணலாம் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் (5:4) அனுமதி. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த விளக்கம் இதன் நிபந்தனைகளை வகுத்தது. அல்லாஹ்வின் பெயர் கூறி மனிதன் ஏவியிருக்க வேண்டும். பிராணி தானாக ஓடிக் கொன்றது ஆகாது. பிஸ்மில்லாஹ் கூறுவது ஹனஃபி மத்ஹபில் நிபந்தனை, ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத். ஏவுதல் நிபந்தனை என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றே. மனிதன் அச்செயலில் இருந்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். மனிதன் அங்கே இருக்கவே கூடாது என்கிறது மானின் மூக்கு. மாணவரின் கேள்வி இந்த முடிச்சில்தான் இருந்தது.

முதலில் மானின் மூக்கைக் காண்போம். நம் தோலிலிருந்தும் வியர்வையிலிருந்தும் மூச்சிலிருந்தும் வாடை ஓயாமல் கிளம்பிக் கொண்டே இருக்கிறது. குளித்தாலும் புகையில் நின்றாலும் அது குறையலாமே தவிர அறவே நீங்காது. ஆகவே வாடையை அழிப்பதைக் காட்டிலும், அது மானிடம் சென்று சேராத பக்கத்தில் நிற்பதே வேட்டைக்காரனுக்கு உறுதியான வழி.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரையுள்ள நம் கடற்கரைச் சமவெளியில் இதனை எளிதில் விளக்கலாம். கோடை நாள்களில் காலையில் நிலத்திலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும். நண்பகலுக்குப் பின் கடலிலிருந்து நிலம் நோக்கித் திரும்பும். ஆகவே காலையில் மானை அணுகுபவன் அதற்குக் கிழக்கே நிற்க வேண்டும். பிற்பகலில் மேற்கே நிற்க வேண்டும். காலையில் நின்ற இடத்திலேயே மாலையிலும் நின்றால் வேட்டை கெட்டது. மஹ்மூது பந்தர் என்று பெயர் பெற்ற பரங்கிப்பேட்டையில் பாய்விரித்த நம் முன்னோர்க்குக் கொண்டலையும் வாடையையும் பற்றி எவரும் கற்பிக்க வேண்டியிருந்திராது. மாலுமியின் அறிவும் வேட்டைக்காரனின் அறிவும் இங்கே ஒன்றுதான்.

இந்த அறிவை ஏட்டில் பதித்தவர் அபுல் ஃபஸ்ல் (கொலையுண்டது 1602). அக்பரின் சிவிங்கிகளைப் பற்றி ஆயினெ அக்பரியில் விரிவாக எழுதுகையில் மூன்று முறைகளைக் குறிப்பிடுகிறார். மானைக் கண்ட இடத்துக்கு வலப்புறமாகச் சிவிங்கியை அவிழ்த்துவிடுவது முதல் முறை. மறைவில் கிடத்தித் தொலைவிலிருந்தே மானைக் காட்டிக் கழுத்துப் பட்டையைக் கழற்றுவது இரண்டாவது. நம் கேள்விக்கு உரியது 'முஹாரீ' எனப்படும் மூன்றாவது முறை. காற்று மானின் பக்கமிருந்து சிவிங்கியை நோக்கி வீசுமாறு பார்த்து அதனைப் பதுங்க வைப்பார்கள். பின்னர் வண்டியை எதிர்த்திசையில் ஓட்டிச் செல்வார்கள். மான்கள் வண்டியைப் பார்த்துக் குழம்பி நிற்கையில் சிவிங்கி நடுவே பாயும்.

வண்டி என்பது மாட்டுவண்டிதான். வயற்புறத்தில் மேயும் வெளிமானுக்கு அது அன்றாடக் காட்சி. வண்டி மானின் கண்ணை ஏமாற்றுகிறது. காற்று அதன் மூக்கை ஏமாற்றுகிறது. சிவிங்கியோ மோப்பத்தை நம்பாமல் கண்ணால் கண்டு வேட்டையாடும் பிராணி. எனவே காற்றைக் கணக்கிடும் பொறுப்பு முழுவதும் அதனை வளர்த்த சேவகனுடையது. அக்பரின் முதல் சிவிங்கிக்கு ஃபத்ஹ்பாஸ் என்று பெயர். அதனைப் பராமரித்தவர் தூந்தூ. இத்தொழிலாளர்களுள் பெயர் பதிவு பெற்ற மிகச் சிலருள் அவர் ஒருவர்.

இனி மாணவரின் முடிச்சு. புர்ஹானுத்தீன் அல்மர்கீனானீ (ரஹ், மறைவு ஹி. 593/கி.பி. 1197) ஹிதாயாவில் இதற்கு வழி காட்டியிருக்கிறார். ஏவப்பட்ட சிவிங்கி உடனே ஓடாமல் பதுங்கிக் கிடந்து, பிறகு பாய்ந்து பிடித்தாலும் அந்த இறைச்சி ஆகும் என்கிறார். அந்தப் பதுங்கல் வேட்டைக்கான உபாயம், ஓய்வன்று, எனவே ஏவுதல் முறிவதில்லை. ஷம்சுல் அயிம்மா அல்ஹல்வானீ (ரஹ்) அவர்களோ அறிவாளி சிவிங்கியிடமிருந்து கற்க வேண்டிய குணங்களையே எண்ணிச் சொல்லி, இவ்வாறு பதுங்கிக் காத்திருப்பதை அவற்றுள் சேர்த்தார்கள்!

இதனை முஹாரீ முறையோடு பொருத்திப் பார்க்கிறோம். சேவகன் அல்லாஹ்வின் பெயர் கூறிப் பட்டையைக் கழற்றிவிட்டு வண்டியோடு விலகினால் அவன் உடல்தான் விலகியது, ஏவுதல் விலகவில்லை. அவன் தேடுவதைக் கைவிடாத வரை அவ்வேட்டை அவனுடையதே. மாறாக, ஏவாமல் வெறுமனே கிடத்திவிட்டுப் போய்ச் சிவிங்கி தன் விருப்பில் பாய்ந்திருந்தால், உயிரோடு கிடைத்து அறுக்கப்பட்டாலன்றி அது ஆகாது. அபுல் ஃபஸ்ல் இந்த நுணுக்கத்துக்குள் புகவில்லை. அவர் அரசவையின் திறனை எழுதினார்; மர்கீனானீ உணவின் தூய்மையை எழுதினார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் வழக்கம் நம் மதரஸாக்களில் குறைவு என்பது எம் நெடுநாள் ஆதங்கம்.

காற்றும் மறைவும் இல்லாதபோது சிவிங்கி என்னாகும் என்பதற்கு நம் கரையோடு தொடர்புள்ள சான்று ஒன்று உண்டு. 1755 முதல் 1763 வரை சென்னை ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் பிகாட். கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் வீழ்ந்தது அவர் காலத்தில்தான். அவர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கியைக் காணிக்கையாக்கினார். 1764 ஜூனில் வின்ட்சர் பூங்காவில் வலைகட்டி வளைத்த வெளியில், கூட்டம் சூழ, ஒரு பெரிய கலைமானின் எதிரே அதனை விட்டார்கள். கலைமான் கொம்பால் அதனைத் தூக்கியெறிந்தது. தப்பிக் காட்டுக்குள் புகுந்த சிவிங்கி அங்கே வேறொரு மானைத் தானாகவே பிடித்தது. ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் தீட்டிய அந்தச் சிவிங்கியின் படம் இன்று மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. வெள்ளுடை அணிந்த இந்தியச் சேவகர் இருவர் அதில் நிற்கின்றனர். ஒருவர் சிவிங்கியைப் பற்றியிருக்கிறார். மற்றவர் கைநீட்டி மானைக் காட்டுகிறார். காற்று எந்தப் பக்கம் என்று அவரிடம் யாரேனும் கேட்டிருந்தால் பந்தயம் வேறு விதமாக முடிந்திருக்கலாம்.

இஹ்ராம் அணிந்தவருக்கு வேட்டையும் நறுமணமும் ஒருங்கே தடுக்கப்பட்டுள்ளன. மானைக் கைநீட்டிக் காட்டுவதும் அவருக்குக் கூடாது.

இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் கூனோ காட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. வெளிமானை வேட்டையாடுவதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அதனைக் காண விரும்பும் நம் மாணவர்கள் சிதம்பரத்திலிருந்து தெற்கே, 1967இல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரைக்குச் செல்லலாம். பிற்பகலில் சென்றால் மேற்குப் பக்கமாக நின்று பார்க்கட்டும்.