கொழும்புக்கு வந்த கொமெற்

உலகின் முதலாவது ஜெட் பிரயாணிகள் சேவை 1952 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் திகதி இலண்டனிலிருந்து ஜொகன்னஸ்பேர்க் நோக்கித் தொடங்கியது. சேவையை நடத்தியது பீ. ஓ. ஏ. சீ. நிறுவனம், விமானம் பிரித்தானியாவின் டி ஹவிலாண்ட் கம்பெனியார் நிருமாணித்த கொமெற். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அச்சேவை கொழும்புக்கும் நீண்டது. அக்காலத்தில் எமது பொகவந்தலாவை மக்கள் தாயகம் சென்றுவர அறிந்திருந்த வழியோ, தலைமன்னாருக்குப் புகைவண்டியும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலுமேயாம்.

1949 ஜூலை 27 இல் முதன்முதலாகப் பறந்த இவ்விமானம் நான்கு ஜெட் இயந்திரங்களை உடையது. முப்பத்தாறு பிரயாணிகளுடன் 40,000 அடி வரை உயரும். அவ்வுயரத்திலும் அறையினுள் ஏறத்தாழ 8,000 அடி உயரத்துக்குரிய காற்றமுக்கம் பேணப்பட்டது. அஃதாவது, வெளியே உயிர்தாங்காத வெறுவெளி. உள்ளே நமது பீதுருதலாகலை உச்சிக்கு அண்மையில் இருப்பது போன்ற நிலை. ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் மெல்லிய உலோகத்தோல் ஒருமுறை விம்மி ஒருமுறை தளர்ந்தது. கேடு இங்கேதான் ஒளிந்திருந்தது.

சேவை தொடங்கிச் சரியாக ஓராண்டு நிறைந்த 1953 மே 2 இல், சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குச் சென்ற கொமெற் ஒன்று கல்கத்தாவிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் இடிப்புயலில் சிக்கிச் சிதறியது. நாற்பத்து மூவர் மாண்டனர். கடும் காற்றின் உலுக்கலினாலோ, அதனை எதிர்த்து விமானி கூடுதலாக இயக்கியதாலோ உறுப்புகள் முறிந்தன என இந்திய விசாரணை முடிவு செய்தது. புயலே காரணமென்றானபின் ஏனைய கொமெற் விமானங்கள் தொடர்ந்து பறந்தன.

1954 ஜனவரி 10 இல் எல்பாத் தீவருகே முப்பத்தைவருடன் மற்றொன்று கடலில் வீழ்ந்தது. சேவை நிறுத்தப்பட்டது; சில திருத்தங்களுடன் மார்ச்சில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இரு வாரங்கள்தாம்! ஏப்ரல் 8 இல் நேப்பிள்ஸ் அருகே இருபத்தொருவர் அழிந்தனர். அந்த அவசர அனுமதியை இன்று வாசிக்கும்போதும் மனம் பதைக்கின்றது.

பின்னர் பார்ன்பரோ ஆய்வுநிலையத்தார் ஒரு கொமெற்றின் உடற்பகுதியைப் பெருந்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே நீரமுக்கத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். முந்திய பறப்புகளையும் சேர்த்து 3,057 ஆவது தடவையில் அது பிளந்தது. வேலிக்கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஈற்றில் முறிவது போன்றதே இவ்வுலோகச் சோர்வு. எல்பாவில் வீழ்ந்தது 1,290 பறப்புகளையும் நேப்பிள்ஸில் வீழ்ந்தது ஏறத்தாழ 900 பறப்புகளையுமே கண்டிருந்தன.

சதுரச் சாளரங்களே யாவற்றுக்கும் காரணமென்று மாணவர் எழுதுவது வழக்கம். எல்பா விமானத்தில் வெடிப்புத் தொடங்கிய இடம் பிரயாணிகளின் சாளரமன்று. கூரையில் வானொலிக் கருவிக்கென அமைந்த திறப்பின் மூலையாகும். கல்கத்தா விபத்தையும் உலோகச் சோர்வின் கணக்கில் எழுதிவிடுதல் பொருந்தாது என்பதே எமது கருத்து. அவ்விசாரணை புயலைக் காட்டியது. பின்வந்த இரண்டின் காரணத்தை முன்னதன்மேல் ஏற்றுவதற்கு ஊகமன்றிச் சான்று வேண்டும்.

வலுப்படுத்திய கொமெற் 4 விமானம் 1958 ஒக்டோபர் 4 இல் அத்திலாந்திக்கைக் கடந்து சேவை தொடங்கியது. 1962 முதல் எயர் சிலோன் நிறுவனத்தின் இலண்டன் சேவைக்கும் பீ. ஓ. ஏ. சீ.யின் கொமெற் 4 விமானங்களே பயன்பட்டன.