பட்டா இல்லாத பெயர்கள்

பட்டா இல்லாத இடத்தில் வீடு கட்டியவர் நிம்மதி, இன்னொருவர் பட்டாவோடு வந்து நிற்கும் வரைதான். நம் பொம்மிடிப் பக்கம் இது தெரியாதவர் இல்லை. இணையத்திலும் இதே வழக்கு நடந்திருக்கிறது.

கணினிக்கு உண்மையான முகவரி ஓர் எண். நாம் நினைவில் வைக்கத்தான் பெயர். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்லும் பதிவேட்டு முறையை 1983-இல் அமெரிக்கரான பால் மொகாபெட்ரிஸ் வகுத்தார். வெளியுலகப் பெயர்களை முறையாகப் பதிய வேண்டும். அலுவலகங்களோ தங்கள் உள்வலையமைப்புக்குப் பதியாமலே பெயர் வைத்துக்கொண்டன. மைக்ரோசாஃப்ட் மாதிரியாகக் காட்டிய ‘கார்ப்’ என்ற பெயரையே பலர் மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

அலுவலகத்துக்குள் தொல்லை இல்லை. மடிக்கணினியை வெளியே கொண்டுபோனால், அது தன் அலுவலகத்தைத் தேடி ‘கார்ப் டாட் காம்’ என்ற அந்நியர் கதவைத் தட்டியது. கடவுச்சொல் விவரம்கூட அங்கே போய்ச் சேரும் அபாயம் இருந்தது. கடைசியில் 2020-இல் மைக்ரோசாஃப்டே அந்தப் பெயரை விலைக்கு வாங்கியது.

இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு, கார்ப், ஹோம், மெயில் என்று முடியும் பெயர்களைக் கேட்டு வந்த விண்ணப்பங்களை 2018-இல் நிறுத்திவிட்டது. 2024-இல் ‘இன்டர்னல்’ என்று முடியும் பெயர்களை உள்வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கியது. மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி: யாருக்கும் பட்டா கிடையாது, எல்லாரும் பயன்படுத்தலாம்.

அது வேண்டாம் என்பவர், சொந்தமாக ஒரு பெயரைப் பதிந்து, அதன் கிளைப் பெயரை உள்ளே வைத்துக்கொள்ளலாம். செலவு சிறிது, வில்லங்கம் இல்லை.