மேடை ஏறிய மின்கலம்

தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிகின்றன. அவை மறுபடி கூடினால் மின்சாரம் கிடைக்க வேண்டாமா? வேல்ஸில் பிறந்த வழக்கறிஞர் வில்லியம் குரோவ் இந்த யோசனையில்தான் 1839 வாக்கில் எரிபொருள் மின்கலத்தின் முதல் வடிவைச் செய்தார். அவர் பின்னாளில் நீதிபதியானார். கலம் நூறாண்டுக்கு மேல் ஆய்வுக்கூடத்திலேயே கிடந்தது.

வெளியே கொண்டுவந்தவர் ஆங்கிலப் பொறியாளர் பிரான்சிஸ் பேக்கன். 1959-இல் கேம்பிரிட்ஜில் அவருடைய 5 கிலோவாட் கலம் வட்ட ரம்பத்தை ஓட்டியது, வெல்டிங் மெஷினுக்கு மின்சாரம் கொடுத்தது, 2 டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்டையும் நகர்த்தியது. ஆனால் அதை அரவணைத்தது அமெரிக்கா. அப்பல்லோ விண்கலங்களின் மின்சாரம் அந்தக் கலத்தின் வாரிசிடமிருந்து வந்தது. அது கழித்த தண்ணீரை வீரர்கள் குடித்தார்கள். நாசா செலவைப் பார்க்கவில்லை. எரிபொருளை ஏவுதளத்தில் ஒருமுறை நிரப்பினால் போதும், வழியில் பங்க் தேட வேண்டியதில்லை. பின்னால் வந்த தலைவர்களுக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. நிலா மட்டும் ஞாபகத்தில் நின்றது.

2003 ஜனவரியில் அமெரிக்க காங்கிரஸ் முன் பேசிய அதிபர் ஜார்ஜ் புஷ், ஹைட்ரஜன் கார் ஆராய்ச்சிக்கு 120 கோடி டாலர் கேட்டார். அன்று பிறக்கும் குழந்தை ஓட்டப்போகும் முதல் கார் ஹைட்ரஜனில் ஓடக்கூடும் என்றார். குழந்தை வளர்ந்து லைசென்ஸ் எடுப்பதற்குள் டெஸ்லாவின் பேட்டரி கார் முந்திக்கொண்டது. கலிபோர்னியாவில் ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் 2010-க்குள் ஹைட்ரஜன் நெடுஞ்சாலை, அதாவது வழிநெடுக ஹைட்ரஜன் பங்க், வேண்டும் என்று 2004-இல் உத்தரவு போட்டார். அதே ஆண்டு அவர் அறிமுகப்படுத்திய ஹம்மர் வண்டியில் எரிபொருள் மின்கலமே கிடையாது. சாதாரண எஞ்சினில் ஹைட்ரஜனை எரித்தார்கள். படத்துக்கு அது போதுமாயிருந்தது.

சுத்தம் என்ற பேச்சிலும் ஒரு ஓட்டை. காரின் பின்னால் நீராவிதான் வருகிறது, உண்மை. ஆனால் அமெரிக்க ஹைட்ரஜனில் பெரும்பங்கு இயற்கை வாயுவிலிருந்து எடுப்பது; கரியமில வாயு ஆலையிலேயே வெளியேறிவிடுகிறது.

2009-இல் ஒபாமாவின் எரிசக்தி அமைச்சர் ஸ்டீவன் சூ ஹைட்ரஜன் கார் ஆராய்ச்சிக்கான பணத்தை வெட்டப் பார்த்தார். காங்கிரஸ் விடவில்லை, திருப்பிக் கொடுத்தது. பணம் வந்தது, ஹைட்ரஜன் நிரப்பும் நிலையங்கள் போதுமான அளவு வரவில்லை. 2024-இல் ஷெல் நிறுவனம் கலிபோர்னியாவில் கார்களுக்கு வைத்திருந்த ஹைட்ரஜன் நிலையங்களை மூடிவிட்டது.

ஆனால் அதே 2009-இல், அதே அமைச்சகம் பொருளாதார மீட்பு நிதியிலிருந்து ஏறத்தாழ 4.2 கோடி டாலரை இந்தக் கலங்களுக்கு ஒதுக்கியது. அதில் ஒரு பகுதி கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்டுகளுக்குப் போனது. என் கணக்கில் இந்தக் கலத்துக்கு அரசியல் செய்த உருப்படியான உதவி இதுதான். இன்று வால்மார்ட், அமேசான் கிடங்குகளில் இவை ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. பேட்டரிக்கு மணிக்கணக்கில் சார்ஜ் ஏற்ற வேண்டும். இதில் ஹைட்ரஜன் நிரப்பச் சில நிமிடம். வண்டி கட்டடத்தைத் தாண்டிப் போகாததால், மூலையில் ஒரு நிரப்பும் குழாய் இருந்தால் போதும்.