நோயாளர் ஊர்தி: நேற்றும் இன்றும்



உயிருக்குப் போராடும் ஒருவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு இன்று ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனால் சிகிச்சை முடிந்தவரை வீட்டிற்குக் கொண்டு வருவதும், படுக்கையில் இருப்பவரை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் இன்னமும் எளிதாகவில்லை. இதன் காரணத்தை அறிய, நோயாளர் ஊர்தியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

அன்றைய தென்திருவிதாங்கூரில் நெய்யூரில் 1838ஆம் ஆண்டு லண்டன் மிஷனைச் சார்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். பின்னர் நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் காத்தரின் பூத் மருத்துவமனை எழுந்தது. மருத்துவம் வந்தது; ஊர்தி வரவில்லை. மோட்டார் வாகனங்கள் பெருகும் வரை, நடக்க இயலாதவரை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தியோ, கட்டிலோடு தூக்கித் தோளில் சுமந்தோ கொண்டு செல்வதே கிராமங்களின் வழக்கமாக இருந்தது. போகும்போது சுமந்தவர்களே திரும்பும்போதும் சுமந்தனர். அக்கம்பக்கத்தாரே அன்றைய ஆம்புலன்ஸ் எனலாம்.

இன்று நாம் அறிந்த ஆம்புலன்ஸ் போர்க்களத்தில் பிறந்ததாகும். பிரெஞ்சுப் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் லாரே, போர் முடியும்வரை காத்திராமல் காயமுற்றோரை உடனே அப்புறப்படுத்த 1790களில் குதிரை பூட்டிய இலகுவான வண்டிகளை ஏற்படுத்தினார். 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது காந்தியடிகள் ஏறத்தாழ 1,100 இந்தியர்களைத் திரட்டி ஆம்புலன்ஸ் படை ஒன்றை அமைத்தார். அவர்களுள் சுமார் 300 பேர் நீங்கலாக ஏனையோர் ஒப்பந்தக் கூலிகள். தமிழகத்திலிருந்து சென்றவர்களும் அவர்களுள் பலர். காயமுற்றோரைச் சுமந்துகொண்டு ஒரு நாளில் 20 முதல் 25 மைல் வரை அவர்கள் நடக்க நேர்ந்தது.

இவ்வாறு போரில் பிறந்தமையால், விரைவே ஆம்புலன்ஸின் இலக்கணமாயிற்று. நெடுநாள் நோயாளியின் தேவையோ வேறு. அவருக்கு விரைவு வேண்டியதில்லை, தவறாமை வேண்டும். இதனை உணர்ந்து செயல்பட்டவர் அப்துல் சத்தார் ஈதி அவர்கள்.

குஜராத்தின் பாந்த்வா என்னும் ஊரில் 1928இல் பிறந்த ஈதி, தமது 11ஆம் வயதிலிருந்து, பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த தாயாரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உடை மாற்றிப் பராமரித்தார். அவருக்கு 19 வயதானபோது தாயார் மறைந்தார். 1947இல் கராச்சியில் குடியேறியபின், தமது மேமன் சமூகத்தார் நடத்திய மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றினார். உதவி மேமன்களுக்கு மட்டுமே என்றிருந்ததை அவர் ஏற்கவில்லை. அதனின்று விலகி, 1951இல் சிறு இடமொன்றில் எல்லோருக்குமான மருந்தகத்தைத் தொடங்கினார். 1957இல் ஃப்ளூ காய்ச்சல் பரவியபோது அவர் ஆற்றிய பணியைக் கண்டு மக்கள் நன்கொடை வழங்கினர். பின்னர் பழைய வேன் ஒன்றை வாங்கி, அதற்கு 'ஏழையின் வேன்' என்று பெயரிட்டுத் தாமே ஓட்டினார். அவ்வொரு வேனிலிருந்து வளர்ந்த அவரது நிறுவனம், உலகின் மிகப்பெரிய தன்னார்வ ஆம்புலன்ஸ் அமைப்பாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. 2016 ஜூலை 8 அன்று அவர் மறைந்தார்.

தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. விபத்து, மாரடைப்பு, பிரசவம் போன்ற அவசரங்களில் அது ஆற்றிவரும் பணி அளப்பரியது. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாயையும் சேயையும் வீட்டில் சேர்க்க 102 ஊர்தி உண்டு. அங்கு இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டு வர இலவச அமரர் ஊர்தியும் உண்டு. இம்மூன்றின் கணக்கிலும் சேராதவர் ஒருவர் இருக்கிறார்: உயிரோடு, ஆனால் எழுந்து நடக்க இயலாமல், வீடு திரும்பும் நோயாளி. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடு தேடி வந்து சில சிகிச்சைகளை அளிக்கிறது எனினும், மருத்துவமனைக்கே சென்றாக வேண்டிய நாட்கள் இருக்கத்தான் செய்கின்றன.

சிறுநீரகம் செயலிழந்தவரை எடுத்துக்கொள்வோம். வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் அவருக்கு டயாலிசிஸ் தேவை. சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. ஆனால் வாடகை வண்டிக்கு ஒவ்வொரு முறையும் கையிலிருந்தே கொடுக்க வேண்டும். மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் இருக்கும் அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவிலுக்கும், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், சிலவேளை திருவனந்தபுரத்திற்கும் செல்வோருக்கு இது சிறிய தொகையன்று. பணமில்லாமல் ஒரு தவணை தவறினால் உடலில் நீரும் பொட்டாசியமும் தேங்கி மூச்சுத்திணறல் வரலாம், இதயமும் பாதிக்கப்படலாம். அப்போது 108 வரும். உரிய நாளில் ஒரு சாதாரண வண்டி கிடைத்திருந்தால் அந்த அவசரமே நேர்ந்திராது.

ஆகவே இக்குறையை நிரப்ப, சைரன் பொருத்திய விலையுயர்ந்த வாகனம் கட்டாயமன்று. தூக்குப் படுக்கையும் சக்கர நாற்காலியும் ஏற்றத்தக்க ஒரு வேன், நோயாளியைப் பதமாகத் தூக்கப் பழகிய இருவர், யாருக்கு எந்த நாளில் எங்கே செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஒரு பதிவேடு ஆகியவை போதுமானவை. பக்கவாத நோயாளியைச் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகக்கூடும் என்பது போன்றவற்றை நம் இளைஞர்கள் ஒரு நாள் பயிற்சியிலேயே கற்றுக்கொள்ளலாம். ஒரே திசையில் செல்லும் இருவரின் நாட்களை இணைத்தால் எரிபொருள் செலவும் குறையும்.

பதிவேட்டில் நோயாளியின் பெயரும் நாளும் செல்லுமிடமும் இருந்தால் போதும். அவர் எந்த ஜமாஅத், எந்தச் சமயம் என்ற கட்டம் அதில் வேண்டாம். ஈதி தம் சமூகத்தாரின் மருத்துவ நிலையத்திலிருந்து விலகியதும் இத்தகைய பாகுபாட்டை ஏற்காமல்தான். அன்று கட்டிலின் நான்கு கால்களையும் பிடித்துச் சுமந்த அக்கம்பக்கத்தாரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில்லை.