மந்தையோட்டியின் மகன் - அத்தியாயம் 2: தகப்பன் வந்த வழி

சென்ற வாரம்: 1914 அக்டோபர் 24. முதல் உலகப் போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் படைக்கு ஆள் எடுக்கிறார்கள். 28 வயது வில்லியம் எட்வர்டு சிங் பெயர் கொடுக்க வந்து நிற்கிறார். ஊரார் அவரை பில்லி என்பார்கள். குறி பார்த்துச் சுடுவதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு நிகர் இல்லை. ஆனால் அவருடைய தகப்பனார் சீனர். அதிகாரி என்ன செய்தார்?

அந்த அதிகாரியின் கையைக் கட்டிப்போட ஒரு சட்டம் இருந்தது. 1909-இல் திருத்தப்பட்ட ஆஸ்திரேலியப் பாதுகாப்புச் சட்டம், பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்களைக் கட்டாயப் படைப்பயிற்சியிலிருந்து விலக்கி வைத்தது. யார் எந்த அளவுக்கு ஐரோப்பியர் என்பதைப் படை மருத்துவர்கள் தீர்மானிப்பார்கள். போர் வந்ததும், தாமாக முன்வந்து சேர நினைத்தவர்களுக்கும் அதே கண்தான், அதே அளவுகோல்தான். பில்லியின் தாயார் ஆங்கிலேயர். தகப்பனார் ஷாங்காயில் பிறந்தவர். இந்த மகன் எந்தப் பக்கம்?

விடை தெரிய வேண்டுமானால், முதலில் அந்தத் தகப்பனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புழுதியில் ஒரு பிழைப்பு

ஜான் சிங் சுமார் 1842-இல் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்த காலத்திலேயே சீனர்கள் ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். நாடுகடத்தப்பட்ட கைதிகளின் வரவு கிழக்குக் கரையில் நின்றுபோனதும், பெரும் மேய்ச்சல் நிலங்களை வைத்திருந்த வெள்ளையர்களுக்கு ஆள் பஞ்சம். 1848 முதல் சீனத்தின் அமோய் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தம் போட்டு ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்து ஆடு மேய்க்க விட்டார்கள். பிறகு தங்கம் கண்டெடுக்கப்பட்டது. 1873-இல் வட குயின்ஸ்லாந்தின் பாமர் ஆற்றங்கரையில் தங்கம் என்ற செய்தி பரவியதும் சீனர்கள் பல்லாயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள்.

உடனே தடையும் வந்தது. வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் தலைக்குப் பத்து பவுன் வரி என்று 1877-இல் குயின்ஸ்லாந்து சட்டம் போட்டது. 1884-இல் அதை முப்பது பவுனாக உயர்த்தியது. ஆங்கிலேயருக்கோ ஐரியருக்கோ இப்படி ஒரு வரி கிடையாது.

இந்த மண்ணில் ஜான் சிங் பிடித்துக்கொண்ட தொழில் மந்தை ஓட்டுவது. ரயில் எட்டாத உள்நாட்டுப் பண்ணைகளிலிருந்து மாடுகளை நடத்தியே சந்தைக்கோ ரயிலடிக்கோ புதிய மேய்ச்சலுக்கோ கொண்டுபோக வேண்டும். ஒரு மந்தையில் நூற்றுக்கணக்கில் தலைகள் இருக்கும். சில சமயம் ஆயிரத்தையும் தாண்டும். மாடு நாளுக்குப் பத்து மைல் அளவில் நடக்கும், ஆடு ஆறு மைல். விரட்டினால் உடம்பு இளைத்து விலை போகாது. தாமதித்தால் அடுத்தவன் நிலத்துப் புல்லைத் தின்கிறது என்று வழக்கு வரும். எந்த ஓடையில் தண்ணீர் இருக்கிறது, எது வற்றிவிட்டது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பகலைவிட இரவு கடினம். மாடுகள் படுத்தபின், முறை வைத்து ஒருவர் குதிரையில் மந்தையைச் சுற்றி வந்துகொண்டே இருப்பார். மெல்லிய குரலில் பாடிக்கொண்டே வருவது வழக்கம். மனிதக் குரல் தொடர்ந்து கேட்டால் மாடு மிரளாது. ஒரு சுள்ளி முறிந்தாலும் போதும், மொத்த மந்தையும் எழுந்து இருட்டில் ஓடும். எதிரில் வருகிற குதிரையும் ஆளும் பிழைப்பது கடினம். ஆகவே மந்தையோட்டிக்கு முதலில் வேண்டியது பொறுமை. அடுத்து, தூரத்தில் ஓர் அசைவு தெரிந்தாலும் இன்னதென்று சொல்லிவிடும் கண். இந்த இரண்டும் பிறகு எங்கே போய் எதற்குப் பயன்படப்போகின்றன என்று ஜான் சிங் எண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

1883 ஜூலை 4

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் கிங்ஸ்வின்ஃபர்டு என்று ஓர் ஊர். அங்கிருந்து கடல் கடந்து வந்தவர் மேரி ஆன் பியூ. தாதியாக வேலை பார்த்தவர். ஜானைவிட ஏறக்குறைய பதினைந்து வயது இளையவர்.

1883 மே 28-ஆம் தேதி மேரி ஆனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மேரி ஆன் எலிசபெத் என்று பெயர் வைத்தார். ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 4-ஆம் தேதி, கைக்குழந்தையுடன் இருந்த அந்தப் பெண்ணை ஜான் சிங் மணந்துகொண்டார். வெள்ளைக்காரப் பெண் சீனரை மணப்பதா என்று முகம் சுளித்த காலம் அது. அந்தச் சுளிப்பை எதிர்கொண்டு இருவரும் குடும்பம் நடத்தினார்கள்.

1886 மார்ச்சில் க்ளெர்மாண்ட் என்ற ஊரில் பில்லி பிறந்தான். 1893 ஜூலையில் தங்கை பியாட்ரிஸ். பெற்றோர் நடத்திய பண்ணையில் மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள். மூவரும் படிப்பில் கெட்டி.

க்ளெர்மாண்ட் 1861-இல் தங்கம் கிடைத்ததால் எழுந்த ஊர். சீனர்களும் அங்கே சுரங்க வேலைக்கு வந்தார்கள். பகை மூண்டு கலவரமானது. 1888-இல் அந்தச் சுரங்கப் பகுதியிலிருந்து சீனர்களை வெளியேற்றினார்கள். பில்லிக்கு அப்போது இரண்டு வயது.

அவனுக்குப் பதினான்கு வயதானபோது ஆறு காலனிகளும் இணைந்து ஆஸ்திரேலியா ஒரே நாடானது. 1901-இல் அந்தப் புதிய நாடாளுமன்றம் இயற்றிய முதல் சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். வருகிறவர் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைச் சொல்லச் சொல்ல எழுதிக் காட்ட வேண்டும். எந்த மொழி என்பதை அதிகாரி தேர்ந்தெடுப்பார். ஆசியர்களைத் தோற்கடிப்பதற்கென்றே வைத்த தேர்வு அது. ஜான் சிங்கைப் போன்ற ஒருவர் இனி அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. ஏற்கெனவே நுழைந்துவிட்டவரின் மகன், பிறந்த மண்ணிலேயே ஏச்சுப் பேச்சைக் கேட்டு வளர்ந்தான்.

கையில் வந்த துப்பாக்கி

பள்ளியை விட்டதும் பில்லி மரம் ஏற்றும் வண்டி ஓட்டினார். மாட்டுப் பண்ணைகளில் குதிரையேறி மந்தை மேய்த்தார். தகப்பன் பார்த்த புழுதியை மகனும் பார்த்தார். பிறகு கடலோரத்து ப்ராசர்பைன் பக்கம் போய்க் கரும்பு வெட்டினார். கரும்புத் தோட்டத்தில் உடம்பு முறியும்.

1907-இல் ப்ராசர்பைன் துப்பாக்கிச் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே பேச்சுக்கு இடமில்லை. குறியில் பட்டதா இல்லையா, அவ்வளவுதான். பில்லியின் குண்டு பட்டது. பட்டுக்கொண்டே இருந்தது. கிரிக்கெட்டிலும் கெட்டிக்காரர். எந்தத் தோலின் பேரால் ஊர் அவரை ஒதுக்கியதோ, அந்தத் தோலுக்குரியவரையே தன் பந்தயங்களுக்கு அனுப்பி ஊர் கைதட்டியது.

இப்போது 1914 அக்டோபருக்குத் திரும்புவோம். ஒரு பக்கம் சட்டம். மறு பக்கம் குதிரையில் ஊறியவர், ரைஃபிளில் தேர்ந்தவர், கஷ்டத்துக்கு அஞ்சாதவர். படைக்கு வேண்டிய எல்லாமும் அந்த ஓர் ஆளிடம் இருந்தன.

அதிகாரி தகப்பனின் பிறப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டார். 5-வது இலகு குதிரைப்படை அணியில் பில்லி சிங் சிப்பாயானார்.

எனக்கு இந்த இடத்தைக் கடந்துபோக மனம் வரவில்லை. சட்டம் மாறவில்லை. அதே தகுதியோடு வந்த வேறு எத்தனையோ பேர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தகப்பனுக்குக் கதவைச் சாத்திய நாடு, தேவை வந்தபோது மகனின் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. இந்தக் குடும்பத்தின் கதை முழுக்க இந்தக் கணக்குதான் ஓடுகிறது. வரவு யாருக்கு, செலவு யாருக்கு என்பதைக் கடைசி அத்தியாயம்வரை பார்க்கப் போகிறோம்.

குதிரை இல்லாத குதிரைப்படை

1914 டிசம்பரில் கப்பல் புறப்பட்டது. 1915 பிப்ரவரியில் எகிப்து. ஏப்ரல் 25-ஆம் தேதி ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் இறங்கின. செங்குத்தான குன்றுகள், இடுக்கான பள்ளங்கள். குதிரைக்கு அங்கே வேலையே இல்லை. 5-வது அணி தன் குதிரைகளை எகிப்திலேயே விட்டுவிட்டு, மே 20-ஆம் தேதி காலாட்படையாகக் கரையேறியது. மந்தையோட்டியின் மகனுக்கு இனி சேணமும் இல்லை, கடிவாளமும் இல்லை. ரைஃபிள் ஒன்றுதான்.

ஆன்ஸாக் எனப்பட்ட இந்தப் படைகளின் தென்கோடியில் சாத்தம்ஸ் போஸ்ட் என்ற காவல்முனை. பில்லி அங்கே மறைந்திருந்து சுடுபவரானார். இந்த வேலை இருவர் சேர்ந்து செய்வது. ஒருவர் ரைஃபிளோடு கிடப்பார். பக்கத்தில் இருப்பவர் தொலைநோக்கியால் எதிர்க்குன்றைத் துழாவி, இடம் சொல்லி, குண்டு பட்டதா என்று பார்த்து உறுதி செய்வார். பில்லிக்குக் கண்ணாக இருந்தவர்களில் ஒருவர் டாம் ஷீஹன். இன்னொருவர் அயன் இட்ரியஸ். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற எழுத்தாளரானவர் இவர்தான்.

கண்காணிப்பாளர் கண்ணால் கண்டது மட்டுமே கணக்கில் ஏறும். அந்தக் கணக்கு நாளுக்கு நாள் ஏறியது. சகாக்கள் அவரைக் கொலையாளி என்றே பட்டப்பெயர் வைத்து அழைத்தார்கள். பாராட்டாகத்தான். ஆனால் எதிர்க்குன்றில் விழுந்த ஒவ்வொருவனும் ஏதோ ஓர் அனடோலியக் கிராமத்தில் ஒரு வீட்டின் பிள்ளை. பில்லியின் குடும்ப வரலாற்றை எழுதும்போது, முற்றுப்பெற்றுவிட்ட அந்தக் குடும்பங்களையும் நான் மறக்கக் கூடாது.

ஆகஸ்டு

1915 ஆகஸ்டில் கலிப்போலி கொதித்தது. 6-ஆம் தேதி லோன் பைன் தாக்குதல் தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் மாண்டோ காயப்பட்டோ சாய்ந்தார்கள். 7-ஆம் தேதி விடியலில் தி நெக் என்ற குறுகிய மேட்டில், குதிரையற்ற குதிரைப்படையினர் அலை அலையாக இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே ஓடி விழுந்தார்கள்.

சாத்தம்ஸ் போஸ்டிலும் ஓய்வில்லை. பில்லி தேடிக்கொண்டிருந்த அதே நேரம், எதிர்ப்பக்கத்தில் ஒரு துருக்கியரும் தேடிக்கொண்டிருந்தார். அவரும் பொறுமைசாலி. அவருக்கும் கண் உண்டு.

அந்த மாதத்தில் ஒரு நாள். டாம் ஷீஹன் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்திருந்தார். பக்கத்தில் பில்லி.

எதிர்க்குன்றிலிருந்து ஒரே ஒரு குண்டு வந்தது. தொலைநோக்கியின் முன்வாய்க்குள் நுழைந்து மறுமுனை வழியே வெளியேறியது. அதைப் பிடித்திருந்த ஷீஹனின் இரண்டு கைகளையும் கிழித்தது. வாய்க்குள் புகுந்து இடது கன்னத்தைப் பிளந்துகொண்டு வந்தது. அப்போதும் அதன் வேகம் அடங்கவில்லை.

அந்தக் குண்டு கடைசியாகப் பாய்ந்த இடம் பில்லி சிங்கின் வலது தோள்.

கண்ணாக இருந்தவர் சரிந்துவிட்டார். ரைஃபிளின் கட்டை பதியும் தோளில் குண்டு. சுட்ட துருக்கியரோ எதிர்க்குன்றில் உயிரோடு இருக்கிறார். அந்தத் தோள் இனி ரைஃபிளைத் தாங்குமா?

(தொடரும்)

அடுத்த வாரம்: பில்லியைத் தீர்த்துக்கட்ட துருக்கிப் படை அனுப்பியதாகப் பதுங்குகுழிகளில் பேசப்பட்ட அந்த மனிதர்.