ஒரே பெட்டி, இரண்டு பங்காளிகள்

வல்லத்திராக்கோட்டை மாதிரி ஊர்களின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார். கொள்முதல், எல்காட்.

அந்தப் பெட்டிக்குள்ளே ஒரு பாகப்பிரிவினை நடந்தது தெரியுமா உங்களுக்கு? ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பங்கு விண்டோஸுக்கு. இன்னொன்று, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு. தமிழிலும் இயங்கும், லைசென்ஸுக்குக் காசு கிடையாது. பேர்தான் பாஸ்! பிரவுசிங் சென்டர், ஆபீஸ், பக்கத்து வீடு என்று எங்கே பார்த்தாலும் விண்டோஸ்தானே?

பாகப்பிரிவினையில் ஒரு வில்லங்கம். லினக்ஸ் பக்கமிருந்து விண்டோஸ் ஃபைலைத் திறக்கலாம். விண்டோஸுக்கோ லினக்ஸின் பங்கு கண்ணிலேயே படாது. பாஸில் ராத்திரி கண் விழித்து அடித்த பிராஜெக்ட்டைக் காலையில் விண்டோஸில் தேடிய பிள்ளை என்ன நினைத்திருக்கும், சொல்லுங்கள்?