ஒருமனப்பாடும் அதன் விலையும்

குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தாரின் அலுவற்கூட்டங்களில் வாக்கெடுப்பு இல்லை. மௌனமாய்க் காத்திருந்து, ஏவப்பட்டவர் எழுந்து பேசுவர். கூட்டம் ஒருமனப்பட்டதை எழுத்தர் உணர்ந்து அங்கேயே குறிப்பெழுதி வாசிப்பார். அனைவரும் இசைந்தால் அதுவே தீர்மானம். இம்முறையின் மாண்பையும் விலையையும் பென்சில்வேனியாவின் வரலாற்றில் காண்கிறோம்.

1688ஆம் ஆண்டில் ஜெர்மன்டவுனைச் சேர்ந்த நால்வர் அடிமைமுறையைக் கண்டித்து விண்ணப்பம் எழுதினர். மாதக் கூட்டம் அதைக் காலாண்டுக் கூட்டத்திற்கும், அது ஆண்டுக் கூட்டத்திற்கும் அனுப்பின. ஆண்டுக் கூட்டமோ முடிவுரைக்க மறுத்தது. உறுப்பினருள் அடிமைகளை உடையோரும் இருந்தனர்.

1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வாங்குவோரையும் விற்போரையும் சபை அலுவல்களினின்று விலக்கியது. தீர்மானத்தோடு பணியையும் பங்கிட்டது: அடிமைகளை உடைய உறுப்பினரைச் சந்தித்து அறிவுறுத்த ஜான் உல்மன் முதலானோரை நியமித்தது. 1776இலேயே, அடிமைகளை விடுவிக்க மறுப்போர் உறுப்பினராய் நீடிக்கலாகாது என்று முடிவாயிற்று.

ஆணையிடுவதோடு நில்லாது உள்ளங்களை மாற்ற முயன்ற இம்முறை போற்றத்தக்கதே. ஆயினும் அந்த 88 ஆண்டுக் காத்திருப்பின் பாரத்தைச் சுமந்தோர், கூட்டத்தில் இடம்பெறாத அடிமைகளே. ஆகவே, ஒருமனப்பாட்டை நாடும் நம் சபை மன்றங்கள், காலம் தாழ்த்துவதால் துன்புறுவோர் யாவர் என்பதையும், அவர்கள் குரல் கூட்டத்தில் ஒலிக்கின்றதா என்பதையும் முதற்கண் வினவக் கடமைப்பட்டிருக்கின்றன.